ஜப்பானிய மாணவர்களோடு பழகுதல்

ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்குகிறது. அதையொட்டிய இரண்டு மூன்று வாரங்களும் வளாகம் திருவிழாக் கடைத்தெரு மாதிரி இருக்கும். பத்தடிக்கு ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் டென்னிஸ் மட்டையோடும் கிதாரோடும் கிமோனோ உடையிலும் மாணவர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களின் கையில் துண்டுப் பிரசுரங்கள் திணிக்கப்படும். மாலையில் புதியவர்களுக்கு இலவசமாகவோ அரை விலையிலோ சாப்பாடு. ‘ஷின்கான்’ எனப்படும் இந்த வரவேற்புப் பருவத்தில் எந்தக் குழுவில் பெயர் கொடுக்கிறாரோ, பெரும்பாலும் அந்தக் குழுதான் ஒரு ஜப்பானிய மாணவருக்கு நான்கு ஆண்டுக்குமான நண்பர் வட்டமாக அமைகிறது.

பரிமாற்றத் திட்டங்களிலும் ஆங்கிலவழிப் படிப்புகளிலும் சேரும் வெளிநாட்டு மாணவர்களில் ஏராளமானோர் வந்து இறங்குவதோ செப்டம்பர் கடைசியில். அதற்குள் மேசைகள் மடக்கப்பட்டு ஐந்து மாதம் ஆகியிருக்கும். கோடை விடுமுறையில் குழுவாக மலைக்கோ கடற்கரைக்கோ போய்த் தங்கி, ஒரே அறையில் விடிய விடியப் பேசி, கூட்டம் ஒட்டிப்போயிருக்கும். ‘எப்போதும் சேர்ந்திருக்கும் ஆட்கள்’ என்ற பொருளில் ‘இட்சுமென்’ என்றொரு இளைஞர் வழக்குச் சொல்லே உண்டு. அந்த வட்டம் ஒருமுறை மூடிக்கொண்டால் சொந்த ஊர் ஜப்பானியருக்கே நுழைவது கடினம். வந்து ஆறு மாதமாகியும் உள்ளூர் நண்பர் ஒருவர்கூட இல்லையே என்ற குறை வெளிநாட்டு மாணவர்களிடம் சாதாரணம். அதில் பாதிக்குக் காரணம் நாட்காட்டி.

வெளிநாட்டு மாணவர்களை வரவழைப்பதில் ஜப்பான் அரசு நாற்பது ஆண்டுகளாகக் குறியாக இருக்கிறது. 1983-இல், அங்கு சுமார் 10,000 வெளிநாட்டு மாணவர்களே இருந்தபோது, அதை ஒரு லட்சமாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2003-இல் அந்த எண்ணிக்கை எட்டப்பட்டது. 2008-இல் மூன்று லட்சம் என்று இலக்கு வைத்தார்கள்; 2019 மே மாதக் கணக்கில் 3,12,214 பேர். பெருந்தொற்றுக் காலத்தில் சரிந்து மீண்டும் ஏறியிருக்கிறது. இப்போதைய இலக்கு 2033-க்குள் நான்கு லட்சம். சீனா, நேபாளம், வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து வருபவர்களே மிகுதி. இந்தியர்கள் இன்னும் சிறு கூட்டம்தான். ஆளைச் சேர்ப்பதற்குத் திட்டம் போடலாம். அவர்கள் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்பதற்கு எந்த அமைச்சகமும் திட்டம் போட முடியாது.

ஜப்பானிய நட்பு எங்கே முளைக்கிறது என்பதற்கு இன்றும் பயன்படும் விளக்கத்தைத் தந்தவர் சமூக மானிடவியலாளர் நகானே சியே. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான முதல் பெண்மணி அவர். 1950-களில் இந்தியாவில் தங்கிக் கள ஆய்வு செய்தவர். ‘செங்குத்துச் சமூகத்தின் மனித உறவுகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1967-இல் அவர் எழுதிய சிறு நூல் ஜப்பானில் பெரிய அளவில் விற்பனையானது. மனிதர்கள் குழு சேர்வதற்கு இரண்டு அடிப்படைகள் உண்டு என்றார் அவர்: ஒன்று தகுதி அல்லது அடையாளம், இன்னொன்று ‘பா’, அதாவது சேர்ந்திருக்கும் இடம். அடையாளத்தால் சேர்வதற்கு அவர் காட்டிய உதாரணம் இந்தியாவின் சாதி. இடத்தால் சேர்வதற்கு உதாரணம் ஜப்பான். அங்கே ஒருவர் தன்னை ‘நான் பொறியாளர்’ என்று சொல்வதைவிட ‘நான் இன்ன நிறுவனத்தைச் சேர்ந்தவன்’ என்று சொல்வதே இயல்பு.

இந்த விளக்கத்துக்கு மறுப்புகள் பல வந்துவிட்டன. ஐம்பது ஆண்டுகளில் ஜப்பானும் மாறிவிட்டது. ஆனாலும் வெளிநாட்டு மாணவருக்கு இது கைகொடுக்கும். நம் ஊரில் ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் ‘எந்த ஊர் தம்பி?’ என்று ஆரம்பித்து, இறங்குவதற்குள் வீட்டு முகவரி வரைக்கும் போய்விடுவார். டோக்கியோ ரயிலில் அப்படி யாரும் வாய் திறப்பதில்லை. வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரர்கூடப் பருவம் முழுக்கப் பேசாமலே போகலாம். அதே ஆள், ஒரே குழுவில் இருந்துவிட்டால், காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் கஞ்சிப் பொட்டலமும் பானமும் வாங்கிக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவார். பிடித்துப்போய் நண்பராகி, பிறகு ஒரு வட்டத்துக்குள் அழைத்துச் செல்வது நமக்குப் பழக்கம். அங்கே முதலில் வட்டம், அப்புறம் நட்பு.

வெளியாருக்கு முன்னே நிற்கும் இந்தத் தடை புதிதல்ல. சீன எழுத்தாளர் லூ சுன் 1904-இல் செண்டாய் நகர மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அது இன்றைய தோஹொக்கு பல்கலைக்கழகத்தின் முன்னோடிகளில் ஒன்று. உடற்கூறியல் ஆசிரியர் ஃபுஜினோ அவருடைய குறிப்பேட்டை வாரந்தோறும் வாங்கி, பாடத்தோடு ஜப்பானிய இலக்கணப் பிழைகளையும் சேர்த்துச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். ஆண்டுத் தேர்வில் லூ சுன் தேறியதும், ஆசிரியர் கேள்விகளை முன்கூட்டியே காட்டிவிட்டார் என்று வகுப்பில் சில மாணவர்கள் கிளப்பிவிட்டார்கள். அவரோடு பழகியிருந்த வேறு சில வகுப்புத் தோழர்கள் அவருக்காகச் சண்டை பிடித்தார்கள். 1906-இல் செண்டாயை விட்டுப் போன லூ சுன், இருபது ஆண்டு கழித்து அந்த ஆசிரியரைப் பற்றி எழுதிய கட்டுரை சீனாவிலும் ஜப்பானிலும் பாடமாக வைக்கப்பட்டது. சந்தேகப்பட்டவர்களும் பரிந்து பேசியவர்களும் ஒரே வகுப்பறையில்தான் இருந்தார்கள். பின்னவர்கள் அவரோடு பழகியவர்கள்.

இன்றைய பல்கலைக்கழகத்தில் அந்தப் பழக்கம் ஏற்படும் முதல் இடம் ‘சாக்குரு’. ஆங்கிலச் சொல்லான சர்க்கிள் ஜப்பானிய நாக்கில் அப்படி ஆகியிருக்கிறது. மாணவர்களே நடத்தும் பொழுதுபோக்குக் குழு இது. பூப்பந்து, மலையேற்றம், புகைப்படம், தேநீர்ச் சடங்கு, ரயில் ரசிகர்கள், ராமென் கடை தேடிப் போகிறவர்கள் என எதற்கும் ஒரு சாக்குரு இருக்கும். இதற்கு அண்ணன் மாதிரி இருப்பது ‘பு’, அதாவது பல்கலைக்கழகத்தின் பெயரால் போட்டிகளில் இறங்கும் கழகம். அங்கே வாரத்தில் நான்கைந்து நாள் பயிற்சி. விடுப்பு எடுக்கக் காரணம் சொல்ல வேண்டும். முதலாண்டு மாணவர் பந்து பொறுக்குவதும் தரை துடைப்பதும் உண்டு. ஓராண்டுக்கு வரும் பரிமாற்ற மாணவருக்குச் சாக்குருவே தோது. ஜூடோ, கெண்டோ, வில்வித்தை என்று ஆசைப்பட்டுப் ‘பு’வில் சேர்ந்து, முதல் மாதமே மூச்சுத் திணறி வெளியேறுபவர்கள் உண்டு. தாக்குப்பிடித்தவர்களுக்குக் கிடைக்கும் நட்பு ஆயுசுக்கும் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

சேர்ந்தால் மட்டும் போதாது, தவறாமல் போக வேண்டும். நன்றாகப் பேசுகிறவர் மாதம் ஒருமுறை தலைகாட்டுவதைவிட, பேச வராதவர் வாராவாரம் வந்து மூலையில் உட்கார்ந்திருப்பதற்கு அங்கே மதிப்பு அதிகம். வர முடியாவிட்டால் குழுவின் லைன் செயலியில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். 2011 நிலநடுக்கத்துக்குச் சில மாதங்கள் கழித்து வந்த இந்தச் செயலி, ஜப்பானில் நமது வாட்ஸ்அப்பின் இடத்தைப் பிடித்திருக்கிறது. செய்தி படிக்கப்பட்டதா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். படித்துவிட்டுப் பதில் போடாமல் விடுவதற்கு ‘கிதோகு சுரூ’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். சின்ன மனத்தாங்கல்கள் பல இதிலிருந்து முளைக்கின்றன.

இலையுதிர் காலத்தில் வருபவர்களுக்கு இருக்கும் பெரிய வாசல் பல்கலைக்கழக விழா. பெரும்பாலான இடங்களில் இது நவம்பர் ஆரம்பத்திலோ நடுவிலோ வருகிறது. ஒவ்வொரு சாக்குருவும் ஒரு சாப்பாட்டுக் கடை போடும். அதற்கு ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு என்பதால், அக்டோபரில் வந்து நிற்கும் புதியவரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. உதாரணத்துக்கு ஒரு தாக்கோயாகிக் கடை. இரும்புத் தட்டில் வரிசையாக அரைவட்டக் குழிகள். பார்த்ததும் தமிழருக்குப் பணியாரக்கல் நினைவுக்கு வரும். எண்ணெய் தடவி, கோதுமை மாவுக் கரைசலை ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் ஆக்டோபஸ் துண்டு ஒன்றைப் போட்டு, ஓரம் வேகத் தொடங்கியதும் கூர்முனைக் கம்பியால் சுழற்றித் திருப்ப வேண்டும். பணியாரத்தை ஒரே திருப்பாகத் திருப்புவோம். தாக்கோயாகியை முதலில் கால்வட்டம் திருப்பி, வழியும் மாவை உள்ளே தள்ளி, பிறகு மீதியைச் சுழற்றினால்தான் பந்து உருண்டையாக வரும். ஆறேழு பேர் நெருக்கியடித்து நிற்கும் கூடாரத்தில், கை சுட்டுக்கொண்டு, மாவு தீர்ந்துபோய், யாரோ ஒருவர் கடைக்கு ஓடி, மழை வந்து என்று இரண்டு நாள் கழியும்போது, மொழி தெரியாத கூச்சத்துக்கு நேரமிருப்பதில்லை.

விழா முடிந்த இரவு ‘உச்சியாகே’ என்ற கொண்டாட்டம் நடக்கும். அதற்கு முன்னால் ‘கத்தாசுகே’, அதாவது ஒழுங்குபடுத்தும் வேலை. கூடாரத்தைக் கழற்றுவது, குப்பையைத் தரம் பிரிப்பது, இரும்புத் தட்டின் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவது எல்லாம் இதில் அடக்கம். கொண்டாட்டத்துக்கு மட்டும் வந்தவரையும் கத்தாசுகேவுக்கும் நின்றவரையும் குழு மறக்காது. யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

மூத்தவர், இளையவர் என்ற வரிசை தமிழ் மாணவருக்கு அந்நியமானதல்ல. கல்லூரியில் ‘சீனியர்’ என்று நாம் சொல்லும் மரியாதைக்குச் ‘சென்பாய்’ கிட்டத்தட்டச் சரியான ஈடு, ஜூனியருக்குக் ‘கோஹாய்’. கணக்கில் வருவது வயதைவிடப் பெரும்பாலும் சேர்ந்த ஆண்டுதான். சக ஆண்டினருக்குத் ‘தோகி’ என்று தனிப் பெயர் உண்டு; மிக நெருக்கமான நட்பு அவர்களுக்குள் அமைவதுதான் வழக்கம். வெளிநாட்டு மாணவர் எந்த ஆண்டுக்காரர் என்பது குழப்பமாக இருப்பதால், அவரை வரிசையில் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் குழு தயங்கும். அறிமுகத்தின்போதே ஆண்டையும் வயதையும் சொல்லிவிடுவது எல்லோருடைய தலைவலியையும் குறைக்கும்.

மொழியின் மரியாதைப் படிகளைப் புரிந்துகொள்வதிலும் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. பாடப்புத்தகம் சொல்லித்தருவது ‘தெசு’, ‘மாசு’ என்று முடியும் பணிவான பேச்சு. நண்பர்களுக்குள் புழங்குவது ‘தாமெகுச்சி’ என்ற வெறும் பேச்சு. ‘நீங்க வாங்க’ என்பதிலிருந்து ‘நீ வா’வுக்கு எப்போது மாறினோம் என்று எந்தத் தமிழரும் தேதி குறித்து வைப்பதில்லை; ஆனால் மாறிய பிறகு உறவு வேறாகிவிட்டது என்பது தெரியும். அதே கதைதான் அங்கும். வித்தியாசம் என்னவென்றால், ஜப்பானிய மாணவர் பல சமயம் அதை வெளிப்படையாகவே கேட்டுவிடுவார்: ‘தாமெகுச்சியிலேயே பேசலாமே.’ இந்த அழைப்பு வந்த பிறகும் பாடப்புத்தக மரியாதையிலேயே பேசிக்கொண்டிருப்பவர் தன்னை அறியாமல் இடைவெளி விடுகிறார். அழைப்பு வராமலே மூன்றாமாண்டு மாணவரிடம் வெறும் பேச்சில் இறங்குபவர் வேறு மாதிரி சங்கடத்தை உண்டாக்குகிறார்.

அழைக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘இக்கிமாசென்க்கா?’ என்பது ‘போகலாமா?’ என்ற அழைப்பு. சொல்லைப் பிரித்தால் ‘போகமாட்டீர்களா?’ என்று வரும். தமிழில் ‘வரமாட்டீங்களா?’ என்றால் அதில் குறையோ கெஞ்சலோ தொனிக்கும்; ஜப்பானிய மொழியில் எதிர்மறைக் கேள்விதான் மென்மை. மறுப்பதற்கு ஓர் இடம் விட்டு அழைக்கிறார்கள். மறுப்பும் அப்படியே வரும்: ‘சொத்தோ…’ என்று இழுத்து நிறுத்திவிட்டால் போதும். ‘கொஞ்சம்’ என்பதுதான் சொல். ‘முடியாது’ என்பதுதான் செய்தி. என்ன காரணம், எந்த நாள் வசதி என்று மேலே மேலே கேட்பது நம் ஊரில் அக்கறை, அங்கே நெருக்கடி. ‘முடிந்தால் வருகிறேன்’ என்ற பதிலை ஒசாகாப் பக்கத்தில் வரமாட்டேன் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதை வைத்து அவர்களே கேலி பேசிக்கொள்வதும் உண்டு.

புதிதாக வந்தவர்களை அதிகம் காயப்படுத்துவது இன்னொரு வாக்கியம். ‘இன்னொரு நாள் சாப்பிடப் போகலாம்’ என்று விடைபெறும்போது சொல்வார்கள். அதை நம்பிக் காத்திருந்து, ஒரு மாதம் கழித்து ‘ஏமாற்றிவிட்டார்கள், போலித்தனம்’ என்று முடிவு கட்டும் வெளிநாட்டு மாணவர்கள் ஏராளம். நாமும் தெருவில் பார்ப்பவரிடம் ‘ஒருநாள் வீட்டுக்கு வாங்க’ என்கிறோம். மறுநாள் அவர் மூட்டை முடிச்சோடு வந்து நின்றால் நாமும் திகைப்போம். ஜப்பானியர் இதற்கு ‘ஷாகோ ஜிரே’, உபசாரப் பேச்சு, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை நிஜமாக்கும் வழி எளிது. ‘அடுத்த வியாழன், மதியம், உணவகத்தில்?’ என்று நாளும் இடமும் குறித்துத் திருப்பிக் கேட்டால், மனதில் இருப்பது உடனே தெரிந்துவிடும்.

மாலைக் கூடுகை ‘நொமிகாய்’ எனப்படுகிறது. குடிக் கூட்டம் என்று பொருள் இருந்தாலும் குடித்தாக வேண்டும் என்பதில்லை. 2022 ஏப்ரல் முதல் 18 வயதில் ஒருவர் மேஜர் என்று சட்டம் மாறியபோதும், மது அருந்தும் வயது 20-ஆகவே நீடிக்கிறது. ஊலாங் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் கோப்பை உயர்த்திக் ‘கன்பாய்’ சொல்லும்வரை காத்திருப்பது ஒன்றே கட்டாயம். செலவு தலைக்கு 3,000 முதல் 4,000 யென் வரை ஆகும். அதைச் சமமாகப் பிரிப்பதற்குப் பெயர் ‘வாரிக்கான்’. ‘இருக்கட்டும், நான் குடுக்கறேன்’ என்று பில்லைப் பறிக்கும் நம் பெருந்தன்மை அங்கே எதிரிலிருப்பவர் தலையில் ஒரு கடனை ஏற்றிவைக்கிறது. சில்லறை யென் வரை கணக்குப் பார்த்து உடனே கொடுத்துவிடுவது கஞ்சத்தனமல்ல. சென்பாய் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போடலாம். அப்போது மறுக்காமல் நன்றி சொல்லி, மறுமுறை பார்க்கும்போது ‘அன்றைக்கு நன்றி’ என்று இன்னொரு முறையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு அழைப்பது அபூர்வம். மாணவர்கள் தனியாக வசிக்கும் அறை பெரும்பாலும் ஒரு படுக்கையும் ஒரு மேசையும் கொள்ளும் அளவுதான், சுவர் மெலிசு, பக்கத்து அறையில் தும்மினால் கேட்கும். ஓராண்டு நெருங்கிப் பழகியவர் வீட்டைக்கூடப் பார்த்ததில்லை என்பதற்கு வேறு அர்த்தம் தேட வேண்டியதில்லை.

சாக்குருவை விட்டால் வேறு வழிகளும் உண்டு, எல்லாம் சம பலன் தருபவை அல்ல. தேசியப் பல்கலைக்கழகங்கள் பலவும் புதிதாக வரும் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு ஜப்பானிய மாணவரை ‘ட்யூட்டர்’ என்று நியமிக்கின்றன. நகராட்சியில் முகவரி பதிய, வங்கிக் கணக்கு திறக்க, பாடத்தைப் புரிந்துகொள்ள அவர் உதவுவார். அதற்கு மணிக்கணக்கில் ஊதியமும் பெறுவார். கடமையாகத் தொடங்கும் உறவு என்று ஒதுக்கத் தேவையில்லை. அவருடைய நண்பர்களுக்கு அறிமுகமாக அதுவே போதும். மொழிப் பரிமாற்றக் கூட்டங்களில் எச்சரிக்கை வேண்டும். அங்கு வரும் சிலர் இலவச ஆங்கிலப் பயிற்சிக்காக மட்டுமே வருவார்கள். வாரம் ஒரு மணி நேரம், பாதி ஆங்கிலம் பாதி ஜப்பானியம் என்று ஒப்பந்தம் போலப் பேசிவைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் வருத்தமில்லை.

பகுதிநேர வேலை ‘அருபைதோ’. வேலை என்பதற்கான ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. மாணவர் விசாவில் இருப்பவர் தனி அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். சம்பளத்தைவிட அங்கே கிடைக்கும் மொழி பெரிது. சிற்றுண்டிக் கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசும் பேச்சில் ‘மஜி’, ‘யபாய்’, ‘மெச்சா’ என்று எந்தப் பாடப்புத்தகமும் தராத சொற்கள் ஒரே வாரத்தில் காதில் ஏறிவிடும்.

ஆங்கிலவழிப் படிப்புகள் ஒரு வசதியான பொறி. பாடம் ஆங்கிலத்தில், விடுதி வெளிநாட்டவருக்கென்றே தனியாக, அலுவலகத்திலும் ஆங்கிலம் என்று இருந்துவிட்டால், இரண்டு ஆண்டு டோக்கியோவில் இருந்தும் பத்து நாட்டு நண்பர்கள் கிடைப்பார்கள், ஜப்பானியர் கிடைக்கமாட்டார்கள். இதை உடைக்க முயன்ற நிறுவனங்களும் இருக்கின்றன. கியூஷு தீவின் பெப்பு நகரில் 2000-இல் தொடங்கப்பட்ட ரித்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டினர். விடுதியிலும் கலந்தே தங்குகிறார்கள். மற்ற இடங்களில் அந்தக் கலப்பை மாணவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஜப்பானிய மாணவர்கள் பள்ளியிலேயே ஆறு ஆண்டுக்குக் குறையாமல் ஆங்கிலம் படித்தவர்கள். தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற அச்சம்தான் வாயைக் கட்டுகிறது. வெளிநாட்டவர் தப்புத் தப்பாகவேனும் ஜப்பானிய மொழியில் ஆரம்பித்தால் அந்தப் பயம் இடம் மாறி, எதிரில் இருப்பவர் தளர்ந்து உட்காருவார். மொழித்திறன் தேர்வில் மூன்றாம் படியான என்3 அளவு இருந்தால் அரட்டைக்குத் தாராளம்.

தமிழருக்கு அந்த மொழி அவ்வளவு தூரமும் இல்லை. ‘நான் நேற்று கடையில் புத்தகத்தை வாங்கினேன்’ என்பதை ‘வதாஷி வா, கினோ, மிசே தெ, ஹோன் ஓ, கத்தா’ என்று சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் வைக்கலாம். ‘இல்’ வரும் இடத்தில் ‘தெ’, ‘ஐ’ வரும் இடத்தில் ‘ஓ’. வெயிலில் நின்று ‘அத்சுய் நே’ என்பது ‘சூடா இருக்குல்ல’ என்பதேதான். இந்த ஒற்றுமையை வைத்து இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று மொழியியலாளர் ஓனோ சுசுமு (1919–2008) பல ஆண்டு வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, ஆங்கிலம் வழியாக யோசித்து ஜப்பானியம் பேசுபவரைவிடத் தமிழில் யோசித்துப் பேசுபவருக்கு வாக்கியம் சீக்கிரம் அமைகிறது.

பேசத் தொடங்க ஒரு பொருள் வேண்டும் என்றால் ரஜினிகாந்த் உண்டு. 1998-இல் ஜப்பானில் வெளியான ‘முத்து’ டோக்கியோவின் ஷிபுயா பகுதித் திரையரங்கில் மாதக்கணக்கில் ஓடியது. இன்றைய மாணவர்கள் அதற்குப் பின் பிறந்தவர்கள். அதைப் பற்றிப் பரவசப்படுவது அவர்களுடைய அம்மாக்கள்தான். பேச்சு சாப்பாட்டுக்கு நகர்ந்தால், சைவம் சாப்பிடுபவர்களுக்கு உணவு மேசை சற்றுச் சிக்கல். பார்க்கக் காய்கறியாகவே இருக்கும் சூப்பிலும் ‘தாஷி’ கலந்திருக்கும். காய்ந்த சூரை மீனைச் சீவிக் கொதிக்கவைத்த சாறு அது, நம் மாசிக் கருவாட்டுக்கு உறவுக்காரன். சாப்பிட மாட்டேன் என்பதை முதல் கூட்டத்திலேயே ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால், அடுத்த கடையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பாளர் அதைக் குறித்துவைத்துக்கொள்வார்.

தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்களில் பலர் அறிவியல், பொறியியல் ஆய்வு மாணவர்கள். அவர்களுக்குச் சாக்குருவைவிடக் ‘கென்க்யூஷித்சு’, அதாவது ஆய்வுக்கூடமே வீடு. எல்லோருக்கும் அங்கே ஒரு மேசை உண்டு. காலை முதல் இரவு வரை அதே பத்துப் பதினைந்து முகங்கள். உள்ளே வரும்போது வணக்கம், கிளம்பும்போது ‘ஓத்சுகாரேசாமா தெசு’. ‘களைத்திருப்பீர்கள்’ என்ற இந்த ஒற்றைத் தொடரைத் தினமும் தவறாமல் சொல்பவர் ஒரே மாதத்தில் கூடத்து ஆளாகிவிடுகிறார். புதியவர் வந்தால் வரவேற்பு விருந்து, டிசம்பரில் ஆண்டை மறக்கும் ‘போனென்காய்’, பிப்ரவரி, மார்ச்சில் முடித்துப் போகிறவர்களுக்கு வழியனுப்பு. தலையைக் குனிந்து ஆய்வை மட்டும் பார்ப்பவருக்கு இவை நேர விரயமாகத் தோன்றலாம். ஆனால் கருவி பழுதானால் நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது என்பது இந்த விருந்துகளில்தான் முடிவாகிறது.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது ‘ஓமியாகே’ கொண்டுவர வேண்டும். பலகாரம் கட்டிக்கொண்டு வருவது நமக்கும் பழக்கம்தான். விலை முக்கியமல்ல, ஆளுக்கு ஒன்றாக, தனித்தனி உறையில் இருக்க வேண்டும், எல்லோருக்கும் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். நெய் ஒழுகும் திருநெல்வேலி அல்வாவை வெட்டிக் கையில் கொடுத்தால் எங்கே வைப்பது என்று திண்டாடுவார்கள். தனித்தனியே காகிதம் சுற்றிய கடலை மிட்டாய் கச்சிதம். நிலக்கடலை ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் சில கதவுகள் திறக்காது. வெளிநாட்டவர் என்றதும் வாடகைக்கு அறை தர மறுக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு; பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வரும் ரயில் பயணிகள் உண்டு. இந்தியர் என்றால் தினமும் மூன்று வேளையும் மசாலாக் குழம்பா என்ற கேள்வி நூறாவது முறை வரும்போது சிரிப்பு வறண்டுபோகும். நெருங்கிய நண்பரும் மூன்றாமாண்டில் திடீரென்று காணாமல் போவார். கறுப்புக் கோட்டு சூட்டும் கைப்பையுமாக நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கும் ‘ஷூகாத்சு’, அதாவது வேலை தேடும் பருவம் அது. லைனில் பதில் வராததற்குக் கோபம் காரணமாக இருக்காது. வேலை உறுதியானதும் அவரே வந்து பேசுவார்.

நட்பு அமைந்துவிட்டதா என்று அறிய ஓர் அடையாளம் இருக்கிறது. புதிதில் இரண்டு வார்த்தை பேசினாலே ‘நிஹோங்கோ ஜோசு’, உங்கள் ஜப்பானியம் அருமை, என்று பாராட்டுவார்கள். பாராட்டு என்பது விருந்தாளிக்கு வைக்கும் இலை. ஒருநாள் அந்தப் பாராட்டு நின்று, ‘அது அப்படி இல்லை, இப்படி’ என்று வாயிலிருந்து வரும்போதே பிழையைத் திருத்துவார்கள், உச்சரிப்பைக் கிண்டலடிப்பார்கள். ஒசாகாப் பக்கமாக இருந்தால் ‘நந்தே யானென்’, என்னய்யா இது, என்று தோளில் ஒரு தட்டும் விழும். அன்றைக்கு அந்த மாணவர் விருந்தாளிப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டார்.

செப்டம்பர் கடைசியில் போய் இறங்குபவர்களுக்கு நவம்பர் விழாவரை ஐந்தாறு வாரங்கள்தான் இருக்கின்றன. சாக்குருக்களின் பட்டியலையும் ட்யூட்டர் விண்ணப்பத்தையும் விமானம் ஏறும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.